சனிக்கிழமை, மாலை 5.15

அக்கா மகளுக்கு அப்போது ஒன்பது வயது. விடுமுறைக்கு வந்திருந்தவளும் நானும் 'டாக்டர் ஹூ' பார்த்துக்கொண்டிருந்தோம். 2005 மே மாதம் பிபிசி ஒளிபரப்பிய இரண்டு பகுதிக் கதை: 'தி எம்ப்டி சைல்ட்', 'தி டாக்டர் டான்சஸ்'. ஆண்டு 1941. லண்டன்மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போடுகின்றன. சங்கு ஊதியதும் சனங்கள் பதுங்கிடங்களுக்கு ஓட, நான்ஸி என்ற இளம்பெண் தெருப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலியாகிவிட்ட வீடொன்றுக்குள் நுழைகிறாள். மேசைமேல் ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாட்டை அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறாள். பிறகொரு சமயம் அந்த வீட்டுக்காரரிடமே மாட்டிக்கொள்கிறாள். மாட்டியவள் பயப்படவில்லை. ரேஷன் காலத்தில் உங்கள் வீட்டில் மட்டும் இவ்வளவு சாப்பாடு ஏது என்று திருப்பிக் கேட்கிறாள். கறிக்கடைக்காரரோடு உங்கள் மனைவிக்குத்தான் தொடர்பு என்று தெருவில் பாதிப் பேர் நினைக்கிறார்கள், ஆனால் தொடர்பு அவருக்கில்லை, உங்களுக்குத்தான் என்கிறாள். வீட்டுக்காரர் முகம் செத்துப்போகிறது. அவள் கேட்ட பொருளெல்லாம் கைக்கு வருகிறது.

"கறிக்கடைக்காரர் அவருக்கு ஃபிரெண்டா மாமா?"

"ஆமாம்."

"அதனால கறி கூடப் போட்டுக் கொடுத்தாரா?"

"ஆமாம்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. நான் சொன்னதிலும் பொய்யில்லை. ஆணும் ஆணும் உறவுகொள்வது இங்கிலாந்தில் 1967 வரை சிறைக்குரிய குற்றம் என்பதும், அதனால்தான் அந்த மனிதர் அப்படி நடுங்கினார் என்பதும் அவளுக்குத் தேவைப்படாத செய்திகள். குழந்தையின் தலைக்குமேல் ஒரு வசனத்தை எனக்காக வீசியிருக்கிறார்கள், நான் பிடித்துவிட்டேன் என்று அன்று இரவு கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. குடும்பத்துக்கென்று எடுத்த அறிவியல் புனைவுத் தொடரில் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்வதில்லை. அந்தக் கதையில் எனக்கென்று இருந்தவற்றில் ஆகச் சிறியது அதுதான் என்று பின்னால் புரிந்தது.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் வரும். ஒன்று, வளர்ந்தவர்கள் இவற்றைப் பார்ப்பது இழந்துபோன பால்யத்தைத் தேடித்தான் என்பது. இன்னொன்று, நல்ல தொடர்களில் குழந்தைகளுக்கு ஓர் அடுக்கும் பெரியவர்களுக்கு ஓர் அடுக்கும் உண்டு, அவரவர் தங்கள் அடுக்கை ரசிக்கலாம் என்பது. முதல் பதில் என்னைப் போன்றவர்களுக்குச் செல்லாது. பிரிட்டனில் பிறக்காத, சிறுவயதில் இந்தத் தொடரின் பெயரைக்கூடக் கேட்டிராத ஒருவன் எந்தப் பால்யத்தைத் தேடுவது? இரண்டாவது பதில் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது சொல்வது ஒரே அறையில் நடக்கும் இரண்டு தனித்தனிக் காட்சிகளை. பக்கத்து இருக்கையில் குழந்தை இருப்பதற்கும் நான் ரசிப்பதற்கும் அதன்படி எந்தச் சம்பந்தமும் இல்லை. 'டாக்டர் ஹூ' தொடங்கிய விதத்தைப் பார்த்தால் சம்பந்தம் இருக்கிறது என்று தெரியும்.

1963 நவம்பர் 23, சனிக்கிழமை. பிபிசியின் சனிக்கிழமை நிரலில் ஓர் இடைவெளி இருந்தது. பிற்பகல் முழுக்க 'கிராண்ட்ஸ்டாண்ட்' என்ற விளையாட்டு நிகழ்ச்சி, வீட்டு ஆண்களுக்கு. மாலையில் 'ஜூக் பாக்ஸ் ஜூரி', புது இசைத்தட்டுகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் நிகழ்ச்சி, பதின்வயதினருக்கு. இரண்டுக்கும் நடுவே அப்பாவும் எழுந்துபோகாமல், பிள்ளைகளும் வந்து உட்காரும்படி ஏதாவது வேண்டும். நாடகத்துறைத் தலைவராக இருந்த கனடாக்காரர் சிட்னி நியூமன், அந்த 5.15 மணி இடத்துக்குத்தான் இந்தத் தொடரைத் திட்டமிட்டார். குழந்தைகள் நிகழ்ச்சித் துறை இதைத் தயாரிக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே நாடகத்துறையின் பொறுப்பில் இருந்த தொடர் இது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு வயது 27. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அவருக்கும் இருபதுகளின் நடுவயது. அந்தக் காலத்து பிபிசி அலுவலகத்தில் ஓர் இளம்பெண்ணையும் ஓர் இந்தியரையும் நம்பிக் கொடுத்த வேலை என்றால் அதற்கு அங்கே என்ன மதிப்பு இருந்தது என்று ஊகிக்கலாம்.

முந்தைய நாள் கென்னடி சுடப்பட்டிருந்தார். ஊர் முழுக்க அதே பேச்சு. அதனால் முதல் பகுதியை அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னால் மறுபடியும் போட்டார்கள்.

அந்த முதல் பகுதி விண்கலத்தில் தொடங்கவில்லை, வேற்றுக்கிரகத்திலும் தொடங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடம். அறிவியல் வாத்தியார் ஒருவர், வரலாற்று டீச்சர் ஒருவர். இருவருக்கும் ஒரு மாணவியைப் பற்றிக் குழப்பம். சில விஷயங்களில் மேதை, சில சாதாரண விஷயங்கள் அவளுக்குத் தெரியவே இல்லை. வீடு எங்கே என்று பின்தொடர்ந்து போனால் பழைய சாமான் கிடங்கு, அதற்குள் காலம் கடந்து பயணம் செய்யும் ஒரு நீலநிறப் போலீஸ் பெட்டி, அதன் சொந்தக்காரரான முசுட்டுக் கிழவர். அவர்தான் டாக்டர். கதையை நாம் பார்ப்பது அந்த இரண்டு ஆசிரியர்களின் கண்கள் வழியாக. குழந்தைகளை மட்டும் நினைத்து எழுதியவர்கள் இப்படித் தொடங்கியிருக்க மாட்டார்கள். கவலைப்படுகிற, சந்தேகப்படுகிற, சம்பளம் வாங்குகிற இரண்டு பெரியவர்கள் நடுவில் இருக்கிறார்கள். பிள்ளையைப் பற்றி அவர்களுக்கு வந்த கவலையிலிருந்துதான் அத்தனை பயணங்களும் கிளம்புகின்றன.

முதல் பகுதியை 44 லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டாவது கதையில் டாலெக்குகள் வந்தன. நியூமன், முட்டைக்கண் ராட்சதர்கள் கூடவே கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். டெரி நேஷன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் கடுங்கோபம் கொண்டார். வெரிட்டி லாம்பர்ட் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கதை முடிவதற்குள் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது.

டாலெக் என்பது என்ன? வடிவமைத்தவர் ரேமண்ட் குசிக். மிளகுத்தூள் சிமிழை ஆள் உயரத்துக்கு ஊதிப் பெரிதாக்கினாற்போல் ஓர் உடம்பு, கழுவுதொட்டி அடைப்பை எடுக்கும் ரப்பர் குப்பி ஒரு கை, உள்ளே கூழாய்ப்போன ஓர் உயிர். அதற்குத் தெரிந்தது தன்னைப்போல் இல்லாத எல்லாவற்றையும் அழிப்பது. கரகரத்த குரலில் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கத்தும். பிரிட்டிஷ் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் கையை நீட்டிக்கொண்டு டாலெக்காக நடக்கத் தொடங்கினார்கள்.

அதே சோபாவில் உட்கார்ந்திருந்த அப்பாவை நினைத்துப் பாருங்கள். 1964 நவம்பரில் வந்த 'தி டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்' கதையில் டாலெக்குகள் லண்டனைப் பிடித்துவிட்டன. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின்மேல் அவை உலாவுகின்றன. நாஜி வணக்கம்போல் கை உயர்கிறது. பிடிபட்ட மனிதர்கள் சுரங்கத்தில் அடிமைகளாக உழைக்கிறார்கள். காட்டுக்குள் ஒளிந்து வாழும் இரண்டு பெண்கள், தஞ்சம் கேட்டு வந்தவர்களைச் சாப்பாட்டுப் பொருளுக்காகக் காட்டிக்கொடுக்கிறார்கள். போர் முடிந்து பத்தொன்பது ஆண்டு, பிரிட்டனில் ரேஷன் முடிந்து பத்தே ஆண்டு. நாற்பது வயது மனிதருக்கு அந்தப் பாலத்தில் தெரிந்தது நடந்திருக்கக்கூடிய 1940. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது டாலெக்.

இங்கே இரண்டு அடுக்கு இல்லை. தலைக்குமேல் வீசிய வசனமும் இல்லை. பாலம் ஒன்று, டாலெக் ஒன்று, இருவரும் பயப்படுவதும் அதற்கேதான். பிள்ளையின் கையில் அது பஞ்சு, அப்பாவின் கையில் இரும்பு. நல்ல குடும்பத் தொடர் என்று நான் சொல்வது இதை. பெரியவருக்கென்று தனிப் பந்தி போட வேண்டியதில்லை. ஒரே சோறு, அவரவர் வயிற்றுக்கேற்ற பசி.

கண்சிமிட்டல்களுக்கு வருவோம், ஏனென்றால் அவற்றிலும் சுகம் உண்டு. 1977-இல் வந்த 'தி சன் மேக்கர்ஸ்' கதையை எழுதிய ராபர்ட் ஹோம்ஸுக்கு வருமானவரித் துறையோடு தகராறு. கோபத்தைக் கதையில் கொட்டினார். ப்ளூட்டோவில் ஒரு நிறுவனம் மனிதர்களை வரிபோட்டே சாகடிக்கிறது, அப்பன் செத்தால் மகன் சாவுவரி கட்ட வேண்டும். அங்குள்ள ஒரு நடைபாதைக்குப் பெயர் பி45. வேலையை விட்டு நிற்கும்போது பிரிட்டனில் முதலாளி எழுதிக் கொடுக்கும் படிவத்தின் எண் அது. அதைக் கேட்டு எந்தக் குழந்தையும் சிரித்திருக்காது. இன்னொன்று அதைவிடக் குறும்பு. ஜான் டல்லக், மனுவெல் அல்வராடோ என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் தொடரைப் பற்றி 1983-இல் ஒரு கனத்த புத்தகம் எழுதினார்கள். குறியியல் கலைச்சொற்கள் நிரம்பியது. 1987-இல் வந்த 'டிராகன்ஃபயர்' கதையில் டாக்டர் காவலாளி ஒருவனின் கவனத்தைத் திருப்பத் தத்துவம் பேசப் போகிறார். அந்தக் காவலாளியோ நிகழ்த்தப்படும் பிரதியின் குறியியல் அடர்த்தியைப் பற்றி ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டு அவரையே திணறடிக்கிறான். அந்த ஆய்வுநூலில் இருக்கும் வாக்கியம் அது. கதையை எழுதியவர் ரசித்து எழுதியிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அறையில் இருந்த ஒரு கோஷ்டிக்கு மட்டும் பரிமாறிய தின்பண்டம் அது, மற்றவர்கள் அந்த அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கறிக்கடைக்காரர் வசனமும் கடைசியில் இந்த வகைதான். ஒரே வித்தியாசம், அது குழந்தைக்கும் ஏதோ ஒரு கறித்துண்டைக் கொடுத்து அனுப்பியது.

இனி நான்ஸியிடம் திரும்பலாம்.

அந்தக் கதையின் பேய் ஒரு சிறுவன். பெயர் ஜேமி. நான்கைந்து வயது. முகத்தில் வாயுக்கவசம். குண்டு விழும் இரவுகளில் தெருத் தெருவாக நடந்து, கதவிடுக்கு வழியாக, டெலிபோன் வழியாக, ரேடியோ வழியாக, நீதான் என் அம்மாவா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். தொட்டால் தொட்டவர்களும் அவனைப்போல் ஆகிவிடுவார்கள், அவர்கள் முகத் தசையிலிருந்தே வாயுக்கவசம் முளைக்கும். என் அக்கா மகள் அந்த இடத்தில் என் கையை நகம் பதியப் பிடித்தாள். விளக்கம் அறிவியல் புனைவுக்கே உரியது: வேற்றுக்கிரக ஆம்புலன்ஸ் ஒன்று விழுந்திருக்கிறது. காயங்களைச் சரிசெய்யும் நுண்ணெந்திரங்கள் அதிலிருந்து வெளியேறிவிட்டன. அவை முதலில் கண்ட மனித உடல், குண்டில் செத்த இந்தப் பிள்ளை. மனிதன் எப்படி இருப்பான் என்று தெரியாத அந்த எந்திரங்கள், வாயுக்கவசமும் உடம்பின் பகுதி என்று முடிவுகட்டி, பிள்ளையை அப்படியே 'சரிசெய்து' அனுப்பிவிட்டன. பிறகு எல்லோரையும் அந்த அச்சில் வார்க்கத் தொடங்கிவிட்டன.

ஜேமி தன் தம்பி என்கிறாள் நான்ஸி. தம்பியைக் காப்பாற்ற முடியாத குற்ற உணர்வில்தான் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடுகிறாள் என்று நாமும் நம்புகிறோம். குழந்தை கடைசிவரை நம்புகிறது. நான் பாதியிலேயே நம்பிக்கை இழந்தேன். 1941-இல் இருபது வயதைத் தொடும் ஒருத்தி, நான்கைந்து வயதுப் பையன், அப்பா அம்மா பேச்சே இல்லை. கணக்குப் போட்டால் அவள் பதினைந்து பதினாறில் பெற்ற பிள்ளை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கல்யாணமாகாத தாய் பிள்ளையைத் தம்பி என்று சொல்லித்தான் வளர்க்க வேண்டியிருந்தது. நம் ஊருக்கு அது புரியாத விஷயமா என்ன? எத்தனை வீடுகளில் சித்திகளும் அத்தைகளும் உண்மையில் யாரென்று ஊருக்குத் தெரியும், பிள்ளைக்கு மட்டும் தெரியாது.

என் அக்கா மகளுக்குப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அதில் ஒரு சுகமும் கிடைக்கவில்லை. அந்தப் பதினைந்து நிமிடமும் கதை என்மேல் ஏறிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு முறை அவன் கேட்கும்போதும், அவளுக்குப் பதில் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று எனக்கும் தெரிந்தது. அவள் ஓடி ஒளிவது பேய்க்குப் பயந்து அல்ல. கடைசியில் முள்வேலிக்குள், குண்டு விழப்போகும் இடத்தில், பிள்ளை எதிரே நின்று கேட்கிறான். அவள் ஆம் என்கிறாள். கட்டிக்கொள்கிறாள். நுண்ணெந்திரங்கள் தாயின் உடலைப் படித்து, மனிதப் பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்கின்றன. கவசம் கழன்று விழுகிறது. டாக்டர், இந்த ஒரு முறை யாரும் சாகவில்லை என்று கூத்தாடுகிறார்.

பக்கத்தில் இருந்தவள் கைதட்டினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருவரும் ஒரே வார்த்தைக்காகத்தான் காத்திருந்தோம்: அவன் கேட்ட கேள்விக்கு ஆம் என்ற பதில். அவளுக்கு அது புதிரின் விடை, பேயை ஓட்டும் மந்திரம். எனக்கு அது, ஊர் என்ன சொல்லும் என்று ஐந்து வருடம் விழுங்கிய ஒரு பெண் வாயைத் திறந்த நேரம். கதை எங்கள் இருவரையும் வேறுவேறு தெருக்கள் வழியாக நடத்திக் கொண்டுபோய் ஒரே வாசலில் விட்டது. எழுதியவர் ஸ்டீவன் மோஃபட். அடுத்த ஆண்டு இதற்கு ஹியூகோ விருது கிடைத்தது. வளர்ந்தவர்கள் வாக்களித்துக் கொடுக்கும் விருது என்பதைச் சொல்லிவைக்கலாம்.

கதையை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது, பெரியவர்களுக்கென்று எழுதினால் கிடைத்திருக்கக்கூடிய சுதந்திரங்கள் இல்லாமல் போனதுதான் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மாலை நேரத்துக் கதையில் நான்ஸிக்கு என்ன நடந்தது என்று காட்ட முடியாது, யார் அந்த ஆண் என்று பேச முடியாது. எனவே அவமானம் முழுவதும் சொல்லாத ஒரு பதிலுக்குள் போய் அடைந்துகொண்டது. சொல்லாமல் விட்டதை நிரப்ப என்னிடம் அனுபவம் இருந்தது, அக்கா மகளிடம் இல்லை. எடை வேறுபட்டது அங்கேதான்.

2007 ஜூனில் வந்த 'பிளிங்க்' கதையும் மோஃபட் கையின் வேலை. கண் இமைக்காமல் பார்த்தால் கற்சிலை, இமைத்தால் பாய்ந்து வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் 'ஸ்டேச்சு' சொல்லி விளையாடுவதற்கு நெருங்கிய சொந்தம். ஆனால் அந்தச் சிலைகள் கழுத்தை நெரிப்பதில்லை. தொட்டவரைக் கடந்த காலத்துக்கு அனுப்பிவிடுகின்றன, அங்கேயே வாழ்ந்து சாகட்டும் என்று. சாலி என்ற பெண்ணிடம் மழையில் ஒரு போலீஸ்காரன் சிரித்துப் பேசி டெலிபோன் எண் வாங்குகிறான். சற்று நேரத்தில் அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. கட்டிலில் கிடக்கும் கிழவன் அதே போலீஸ்காரன். 1969-க்குத் தள்ளப்பட்டவன் வாழ்ந்து முடித்துவிட்டு அவளைப் பார்க்கக் காத்திருக்கிறான். வெளியே பெய்வது அதே மழை. அது விடும்போது அவனும் போய்விடுவான். சிலை வரும்போது பிள்ளைகள் அலறுவார்கள். ஐம்பதைத் தாண்டியவருக்கு அலறல் வருவது இந்த ஆஸ்பத்திரிக் காட்சியில், சத்தமில்லாமல்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் ஏற்பாடு தானாகவே அமைந்தது. 2005-இல் தொடரை மீட்டெடுத்த ரஸ்ஸல் டி டேவிஸ், அடுத்தடுத்து அதிலிருந்து இரண்டு கிளைகளை வெட்டி நட்டார். 2006 அக்டோபரில், இரவு 9 மணிக்குமேல், பெரியவர்களுக்கு 'டார்ச்வுட்'. 2007-இல் சிறுவர் அலைவரிசையில், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு 'தி சாரா ஜேன் அட்வெஞ்சர்ஸ்'. சோபாவை நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி கொடுத்ததுபோல.

'டார்ச்வுட்' இரண்டாம் பகுதியிலேயே, மனிதர்களின் கலவி உச்சத்தைத் தின்று வாழும் வேற்றுக்கிரக வாயு ஒன்று கார்டிஃப் நகரில் திரிகிறது. கெட்ட வார்த்தை உண்டு, ரத்தம் உண்டு. தணிக்கையிலிருந்து விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் ஆடிய ஆட்டம். பதினாறு வயதுப் பையன் பெரியவர்கள் உலகத்தைக் கற்பனை செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மறுபக்கம், 2008-இல் வந்த 'தி டெம்டேஷன் ஆஃப் சாரா ஜேன் ஸ்மித்'. கைக்குழந்தையாக இருந்த தன்னை விட்டுவிட்டுப் போய் 1951-இல் கார் விபத்தில் செத்த பெற்றோரை, நடுவயது கடந்த சாரா ஜேன் காலம் கடந்துபோய்ப் பார்க்கிறாள். காப்பாற்றிவிடுகிறாள். அதனால் உலகம் பாழாகிறது. விஷயத்தைப் புரிந்துகொண்ட அந்த இளம் தம்பதி, தங்களைவிட வயதில் மூத்த மகளைப் பார்த்து விடைபெற்று, சாவதற்காகக் காரில் ஏறிப் போகிறார்கள். சாயங்காலப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு பிள்ளைகள் பார்த்த நிகழ்ச்சி இது. சாரா ஜேனாக நடித்த எலிசபெத் ஸ்லேடன் 1973-லேயே 'டாக்டர் ஹூ'வில் வந்தவர். அப்போது பார்த்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு பார்த்தார்கள்.

இரண்டில் எது வளர்ந்தவர்களுக்கானது என்று என்னைக் கேட்டால் தயங்க மாட்டேன். ஆனால் வழக்கை அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. 2009 ஜூலையில் 'டார்ச்வுட்: சில்ட்ரன் ஆஃப் எர்த்' என்று ஐந்து இரவுகள் தொடர்ந்து வந்தது. வேற்றுக்கிரக உயிர்கள் உலகத்தின் பிள்ளைகளில் பத்து விழுக்காட்டைக் கேட்கின்றன. பிரிட்டிஷ் அமைச்சரவை கூடி, எந்தப் பிள்ளைகளைக் கொடுப்பது என்று விவாதிக்கிறது. பள்ளித் தரவரிசைப் பட்டியலை எடுத்து, கடைசியில் இருக்கும் பள்ளிகளைக் கொடுத்துவிடலாம் என்று நாகரிகமான குரலில் முடிவெடுக்கிறார்கள். அந்த மேசையில் யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. கீழ்ப்படிந்தே நாசமாகும் அதிகாரியாக நடித்தவர் பீட்டர் கபால்டி, பின்னாளில் அவரே டாக்டர் ஆனார். மாலை 5.15-க்கு இதைப் போட முடியாது, போடவும் கூடாது. பெரியவர்களுக்கான அறிவியல் புனைவு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 'டார்ச்வுட்' தன் உயரத்தைத் தொட்டதும், குழந்தைகளைப் பற்றிப் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை எடுத்தபோதுதான் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்ற சண்டை பழையது. 1976 நவம்பரில் 'தி டெட்லி அசாசின்' கதையின் மூன்றாம் பகுதி, டாக்டரின் தலையை ஒருவன் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்க, படம் அப்படியே உறைந்து முடிந்தது. ஒழுக்கக் காவலராகப் பெயர்பெற்ற மேரி வைட்ஹவுஸ் கொதித்தெழுந்தார். பிபிசி வருத்தம் தெரிவித்தது, மூலநாடாவிலேயே அந்த இடத்தை வெட்டியது. அவரைக் கேலி செய்வது வழக்கம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன காரணம் கூர்மையானது: ஒரு குழந்தை அந்தப் பிம்பத்தை ஒரு வாரம் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கும், அடுத்த சனிக்கிழமைவரை டாக்டர் தண்ணீருக்குள்தான். தொடர்கதையின் இடைவெளியும் கதையின் பகுதி என்பதை அந்த அம்மாள் பல விமர்சகர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

பெரியவர்கள் ரசிப்பது ஒன்று, பெரியவர்கள் சொந்தம் கொண்டாடுவது வேறு. இரண்டாவது நடந்தபோது தொடர் செத்தது. 1979-இல் டக்ளஸ் ஆடம்ஸ் கைவைத்த 'சிட்டி ஆஃப் டெத்' கதையின் கடைசிப் பகுதியை 1 கோடியே 61 லட்சம் பேர் பார்த்தார்கள். போட்டி அலைவரிசையான ஐடிவி வேலைநிறுத்தத்தில் முடங்கிக் கிடந்தது உண்மைதான். இருந்தாலும் அன்றைய பிரிட்டனில் 15 வயதுக்குட்பட்டவர்கள் அத்தனை பேரையும், தொட்டில் குழந்தை உட்பட, திரைமுன் உட்காரவைத்தாலும் அந்த எண்ணிக்கை வராது. அடுத்த சில ஆண்டுகளில் தொடர் சனிக்கிழமையை விட்டு வாரநாட்களுக்குப் போனது. கதைகள் தீவிர ரசிகர்களை நோக்கித் திரும்பின. 1985-இல் வந்த 'அட்டாக் ஆஃப் தி சைபர்மென்' கதை, 1967-இல் வந்த 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' கதையின் நினைவில் நிற்கிறது. அந்தப் பழைய கதையின் பிரதி அப்போது பிபிசியிடமே கிடையாது, அழித்துவிட்டிருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் கிடைக்கும்வரை அதை யாரும் மறுபடி பார்க்க முடியவில்லை. யாராலும் பார்க்க முடியாத கதையின் தொடர்ச்சியை எட்டு வயதுப் பிள்ளை எப்படிப் பின்தொடர்வது? ரசிகர்களை ஆராய்ந்த டல்லக், அவர்களை அதிகாரமில்லாத மேட்டுக்குடி என்று குறித்தார். இங்கே அந்த மேட்டுக்குடிக்குக் கொஞ்சம் அதிகாரம் கிடைத்துவிட்டது என்பேன். 1987-இல் திங்கள்கிழமை இரவு, நாட்டின் பிரபலமான 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1989 டிசம்பரில் நிறுத்தியே விட்டார்கள். பிபிசி மேலிடத்துக்குத் தொடரின்மேல் இருந்த வெறுப்பும் காரணம்தான். ஆனால் அதற்குள் சோபா காலியாகியிருந்தது.

குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் கூட்டமே இனி இல்லை என்பது 2000களின் தொடக்கத்தில் பரவலான நம்பிக்கை. 2005 மார்ச் 26 சனிக்கிழமை மாலை 'ரோஸ்' என்ற பகுதியோடு தொடர் திரும்பியபோது 1 கோடியே 8 லட்சம் பேர் பார்த்தார்கள்.

சலிப்பூட்டும் வாரங்கள் உண்டா என்றால், உண்டு, நிறைய. மீண்டுவந்த முதல் ஆண்டிலேயே குசு விடும் வேற்றுக்கிரகவாசிகள் பிரதமர் இல்லத்துக்குள் புகுந்துகொண்டு இரண்டு வாரம் ஆட்டம் போட்டார்கள். அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது, வானத்து எதிரிகளிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகவும் 45 விநாடியில் ஏவிவிடுவார்கள் என்றும் அந்தப் போலி ஆட்சியாளர்கள் தொலைக்காட்சியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஈராக்கிடம் 45 நிமிடத்தில் ஏவக்கூடிய ஆயுதம் இருப்பதாக பிளேர் அரசு 2002-இல் ஆவணம் வெளியிட்டதும், அதைக் காட்டிப் போருக்குப் போனதும் பிரிட்டனில் யாருக்கும் மறந்திருக்காது. அந்தப் பகுதி வந்தது 2005 ஏப்ரல் 23, பொதுத்தேர்தல் மே 5. இதுவும் கண்சிமிட்டல்தான், ஒப்புக்கொள்கிறேன். காபிக் கோப்பையோடு நின்றபடியே மீதியைப் பார்த்தேன்.

2024 மே மாதம் 'டாக்டர் ஹூ' புதிய பகுதிகளை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். டிஸ்னியோடு செய்துகொண்ட ஏற்பாடு. அமெரிக்காவுக்கு வசதியான வெள்ளிக்கிழமை மாலை, பிரிட்டனில் நள்ளிரவு. பிபிசியின் இணையச் சேவையில் 12 மணிக்கு ஏறும், தொலைக்காட்சியில் சனிக்கிழமை மாலை வரும். நள்ளிரவில் விழித்திருந்து முதலில் பார்ப்பவர்கள் யார் என்று கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் எழுந்து பல் துலக்குவதற்குள் முடிவு என்ன, செத்தது யார் என்று இணையம் முழுக்க எழுதியாகிவிடும். அறுபது ஆண்டுக் காலத்தில் குழந்தைகளைத் தூங்கவிட்டுப் பெரியவர்கள் மட்டும் முதலில் பார்த்த 'டாக்டர் ஹூ' அதுதான். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரிட்டிஷ் வெளியீட்டு நேரத்தை மாற்றினார்கள்: சனிக்கிழமை, காலை 8 மணி.